கரையில் திமிங்கலம் கிடக்கிறது என்று போன் வந்தால்

நீங்கள் போய்ச் சேருவதற்குள் அங்கே இருநூறு பேர் கூடியிருப்பார்கள். நாலைந்து பேர் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார்கள், ஒருவர் பிள்ளையை அதன் முதுகில் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருப்பார். மீட்புக்குப் பொறுப்பு எடுக்கிறவருக்கு முதல் வேலை இந்தக் கூட்டம்தான். திமிங்கலம் அப்புறம்.

போன் வந்த உடனே மூன்று கேள்வி கேளுங்கள்: ஒன்றா, பலவா? மணலிலா, தண்ணீரிலா? மூச்சு விடுகிறதா? கூடவே வாலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வால் படுக்கைவாட்டில் விரிந்திருந்தால் திமிங்கலம், டால்பின் அல்லது கடல்பசு. செங்குத்தாக நின்றால் அது மீன், பெரும்பாலும் திமிங்கலச் சுறாவாக இருக்கும். அதற்குச் செவுளில் தண்ணீர் ஓடினால்தான் உயிர், எனவே தாமதிக்காமல் கடலுக்குள் அனுப்ப வேண்டும். மற்றதற்கெல்லாம் அவசரம் ஆகாது.

வழியிலேயே வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லிவிடுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இவை முதல் அட்டவணையில் இருக்கின்றன, யானை இருக்கும் அதே இடம். அதனால் சொல்லாமல் நீங்களாக எதுவும் செய்யாதீர்கள். கடலோரக் காவல்படைக்கு 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093.

கரைக்குப் போனதும் ஒரு கயிற்றைக் கட்டிக் கூட்டத்தைப் பின்னால் தள்ளுங்கள். வெளியாள் கத்தினால் யாரும் நகர மாட்டார்கள், ஊர்க் கமிட்டிப் பெரியவர் ஒருவர் சொன்னால் போதும், முடிந்தால் கோயில் மைக்கில் ஒரு அறிவிப்பு. சும்மா நிற்கும் இளவட்டங்களிடம் வாளியைக் கொடுங்கள், வேலை கிடைத்தால் வேடிக்கை குறையும்.

இப்போது விலங்கைப் பாருங்கள். தண்ணீர் தாங்கிப் பழகிய உடம்பு அது, மணலில் கிடக்கும்போது சொந்த எடையே நுரையீரலை அமுக்கும், தசை நசுங்கும், தோலுக்கடியில் இருக்கும் கொழுப்புப் போர்வை சூட்டை வெளியே விடாது. பலர் நினைப்பது போலத் தண்ணீர் இல்லாமல் மூச்சுக்காகத் தவிப்பதில்லை, நம்மைப் போலக் காற்றைத்தான் சுவாசிக்கிறது. பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் மெல்ல நிமிர்த்தி வயிற்றின் மேல் படுக்க வையுங்கள், உச்சந்தலையில் இருக்கும் மூச்சுத்துளைக்குள் தண்ணீரோ மணலோ போகாத மாதிரி. பிறகு இரண்டு பக்கத் துடுப்புக்குக் கீழும் கையாலேயே பள்ளம் பறித்து, தண்ணீர் ஊற்றி வையுங்கள், துடுப்பு மடங்காமல் தொங்கும், உடம்பும் குளிரும். மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றிவிடுங்கள், அதன் தோல் நம் நகம் பட்டாலே கீறிவிடும். பழைய சேலை, லுங்கி எதுவானாலும் நனைத்து முதுகில் போர்த்தலாம், மூச்சுத்துளையை மட்டும் மூடாமல். வீட்டிலிருந்து யாராவது தேங்காய் எண்ணெயோ கிரீமோ கொண்டு வருவார்கள், நல்ல மனசுதான், ஆனாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது ஊதும் மூச்சில் நோய்க்கிருமி இருக்கலாம், முகத்தை நேரே நீட்டாதீர்கள். வால் பக்கம் யாரும் போகவே கூடாது. ஒருவரைத் தலைமாட்டில் உட்காரவைத்து ஐந்து நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எழுதச் சொல்லுங்கள். மருத்துவர் வந்ததும் முதலில் கேட்பது அதைத்தான்.

ஒன்றுக்கு மேல் இருந்தால்தான் பெரிய சோதனை. 2016 ஜனவரியில் மணப்பாடு, திருச்செந்தூர்க் கரையில் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் விடிய விடியத் தள்ளினார்கள், தள்ளியவை பல திரும்பிக் கரைக்கே வந்தன, பாதிக்கு மேல் செத்துப்போயின. அவர்கள் மேல் குறையில்லை. இந்த இனம் கூட்டத்தை விட்டுப் பிரியாது, கரையில் ஒன்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கடலுக்குள் போனது அதைத் தேடி வரும். 1973 ஜனவரியிலும் இதே கரையில் 147 ஒதுங்கியிருக்கின்றன, இனியும் வரலாம் என்று வைத்துக்கொண்டே தயாராக இருங்கள்.

நியூசிலாந்தில் இது அடிக்கடி நடக்கும். அங்கே அவற்றைக் கூட்டமாகவே சேர்த்து வைத்து, மொத்தமாகக் கடலுக்குள் விடுவார்கள், 2017-இல் ஃபேர்வெல் ஸ்பிட்டில் 400-க்கு மேல் ஒதுங்கியபோது தண்ணீருக்குள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்று, திரும்பி வராமல் மறித்தார்கள். ஆனால் அங்கே கடல் ஏற்றம் அதிகம், மிதக்கவைக்க அதுவே கைகொடுக்கும். நம் மன்னார் வளைகுடாவில் ஏற்றம் ஒரு மீட்டர்கூட வராது, படகும் ஆளும்தான் வேண்டும். 2020 நவம்பரில் இலங்கை பாணந்துறையில் நூற்றுக்கும் மேற்பட்டவை ஒதுங்கியபோது கடற்படையும் ஊர்க்காரர்களும் ஜெட் ஸ்கீ வரைக்கும் இறக்கி இரவோடு இரவாக இழுத்து விட்டார்கள். செத்தவை சிலதான்.

இழுப்பது என்றால் வாலில் கயிறு கட்டி இழுப்பதில்லை, மூட்டு கழன்றுவிடும், தலை தண்ணீருக்குள் போய் மூழ்கியும் சாகும். வயிற்றுக்குக் கீழே கெட்டித் தார்ப்பாயை நுழைத்து, இரண்டு ஓரத்தையும் மூங்கிலில் சுருட்டி, சிறியதாக இருந்தால் தூக்குங்கள். இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு மெதுவாக ஆட்டுங்கள். கிடந்த கிடையில் மரத்துப்போயிருக்கும், தானாக நிமிர்ந்து நிற்க அரைமணி நேரம்கூட ஆகலாம். விட்டதும் சாய்ந்தால் இன்னும் நேரம் வரவில்லை என்று அர்த்தம். தாயில்லாத குட்டி, எலும்பும் தோலுமாக வந்தது, இவற்றைக் கடலில் தள்ளுவது உதவி ஆகாது, அந்த முடிவை மருத்துவரிடம் விடுங்கள்.

வலையில் கடல்பசு மாட்டினால் கதை வேறு. சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விடாவிட்டால் மூழ்கிச் செத்துவிடும், யாருக்கும் போன் போட நேரமில்லை, வலையை அறுத்துவிட வேண்டியதுதான். அறுப்பதை வீடியோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பாக் நீரிணைப் பக்கம் இப்படி விட்ட மீனவர்களுக்கு வனத்துறை சன்மானம் கொடுத்திருக்கிறது. பெரிய திமிங்கலம் கயிற்றில் சிக்கியிருந்தால் மட்டும் தண்ணீரில் குதிக்காதீர்கள், 2017-இல் கனடாவில் இந்த வேலையில் நல்ல அனுபவம் உள்ள மீனவர் ஒருவரே, அறுத்துவிட்ட கையோடு திமிங்கலம் அடித்து இறந்துபோனார்.

செத்து ஒதுங்கினதும் வேலைதான். வயிறு உப்பியிருந்தால் கத்தி வைக்காதீர்கள், உள்ளே வாயு இருக்கும். புதைப்பதற்கு முன் மூக்கு நுனியிலிருந்து வாலின் நடுப்பிளவு வரை, உடம்பின் வளைவில் டேப்பைப் படியவிடாமல் நேர்கோட்டில் அளந்து, ஆணா பெண்ணா, என்ன காயம் என்று குறியுங்கள். கப்பல் மோதியதா, வலையில் செத்ததா என்பதற்கு அந்தக் குறிப்பும் பிரேதப் பரிசோதனையும்தான் சாட்சி. இலங்கையின் தென்கோடியில் நீலத் திமிங்கலங்கள் மேல் கப்பல் மோதுவதைப் பல வருடம் பதிவு செய்துகொண்டே வந்ததால்தான் 2022-இல் எம்.எஸ்.சி. என்ற சரக்குக் கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைக் கொஞ்சம் தெற்கே தள்ளி ஓட்ட ஒத்துக்கொண்டது.

உயிரோடு விட்டிருந்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடாதீர்கள். இரண்டு பைக்கில் ஆளை அனுப்பி, மறுநாள் விடியற்காலையில் கரையின் இரண்டு பக்கமும் பத்து கிலோமீட்டர் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.