கால் கட்டைவிரல் முண்டு அறுவைசிகிச்சைக்குப் பிறகு வீட்டில் தேறும் முறை

கட்டைவிரலின் அடிமூட்டு பக்கவாட்டில் துருத்தி நிற்பதுதான் முண்டு. எலும்பை வெட்டி நகர்த்தி, ஸ்க்ரூ போட்டு அதைச் சரிசெய்வார்கள். இந்த அறுவைசிகிச்சையில் கடுமையான வலி இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். வெட்டிய எலும்பு கூடுவதற்கு ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். இடையில் வரும் அந்த நான்கிலிருந்து ஆறு வாரத்தில்தான் காரியம் கெடுகிறது. வலியில்லை என்று அடுப்படிக்கு வெறுங்காலோடு நடப்பார்கள், தரையில் உட்கார்ந்து எழுவார்கள், ராத்திரி பாத்ரூம் போகத்தானே என்று, கட்டைவிரல் மடங்காமல் காக்கும் தனி ஷூவைப் போடாமல் நாலடி வைப்பார்கள். ஸ்க்ரூ தளர்வதும், வெட்டிய எலும்பு இடம் பெயர்வதும், விரல் மறுபடி சாய்வதும் இப்படித்தான் நடக்கிறது. வலி இல்லாததை எலும்பு கூடியதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கூடிவிட்டதா என்பதை எக்ஸ்ரேதான் சொல்லும்.

எந்த அறுவை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்

ஹாலக்ஸ் வால்கஸ் என்று டாக்டர் எழுதுவது இந்த முண்டைத்தான். இது புதிதாக முளைத்த எலும்பு அல்ல. கட்டைவிரலுக்குப் பின்னால் பாதத்தில் ஓடும் நீள எலும்பு உள்பக்கமாக விலக, விரல் எதிர்ப்பக்கம் இரண்டாம் விரலை நோக்கிச் சாய்கிறது. நடுவில் மூட்டு துருத்திக்கொண்டு நிற்கிறது. துருத்தலைச் சீவினால் மட்டும் போதாது என்பதால் அந்த எலும்பை வெட்டி நகர்த்தி, ஒன்றிரண்டு ஸ்க்ரூ போட்டு நிறுத்துகிறார்கள். ஸ்கார்ஃப், செவ்ரான் என்பவை இந்த வகை. விரல் எலும்பையும் கொஞ்சம் வெட்டித் திருப்பினால் கூடவே ஏகின் என்று எழுதியிருக்கும். லாபிடஸ் என்றால் நீள எலும்பின் பின்முனையில், நடுப்பாதத்தில் இருக்கும் மூட்டை ஒன்றாக ஒட்டவைத்திருக்கிறார்கள். தேய்மானம் அதிகமாக இருந்தால் கட்டைவிரல் மூட்டையே ஒட்டவைப்பதும் உண்டு.

பக்கத்து வீட்டில் ஒருவர் இதே அறுவை செய்து மறுநாளே நடந்தார் என்பது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். ஸ்கார்ஃப், செவ்ரான் செய்தவர்களைப் பெரும்பாலும் மறுநாளே தனி ஷூ மாட்டிக் குதிகாலை ஊன்றி நடக்கவிடுவார்கள். லாபிடஸ் செய்தவர்களைச் சில வாரங்களுக்குக் காலையே ஊன்ற வேண்டாம் என்று பல டாக்டர்கள் சொல்வார்கள். டிஸ்சார்ஜ் ஆகும் முன் மூன்று விஷயத்தை எழுதி வாங்குங்கள்: காலை ஊன்றலாமா, எத்தனை நாள் எப்படி? விரலை மடக்கும் பயிற்சி உண்டா, எப்போதிலிருந்து? வெளியே நீட்டிய கம்பி ஏதாவது இருக்கிறதா, எப்போது எடுப்பார்கள்? கீழே சொல்லும் நாள் கணக்கு எலும்பை வெட்டி ஸ்க்ரூ போட்டவர்களுக்கானது. உங்கள் டாக்டர் வேறு கணக்குச் சொன்னால் அவர் சொன்னதே சரி.

அறுவைக்கு முன்பே வீட்டைத் தயார் செய்யுங்கள்

தரையில் பாய் போட்டுப் படுப்பவர்கள் கட்டிலுக்கு மாறிவிட வேண்டும். கை வைத்த நாற்காலி ஒன்று, பாத்ரூமில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, ஈரத்தில் வழுக்காத ரப்பர் மேட் ஒன்று வேண்டும். இந்தியன் டாய்லெட் மட்டும்தான் இருக்கிறது என்றால், அதன்மேல் வைக்கும் ஓட்டை போட்ட கமோடு நாற்காலி மருத்துவக் கருவி விற்கும் கடைகளில் கிடைக்கும். குந்தி உட்கார்வது ஆறு வாரத்துக்குக் கூடவே கூடாது.

மெட்டியை முந்தின நாளே சோப்பு நுரை போட்டுக் கழற்றிவிடுங்கள். அறுவைக்குப் பின் விரல்கள் வீங்கும்போது மெட்டி இறுகினால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். சிகரெட், பீடி பழக்கம் எலும்பு கூடுவதைத் தாமதமாக்கும். நிறுத்துவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் அறுவையைத் தள்ளிப்போடுவதே நல்லது. புண் ஆறாமல் சீழ் பிடிப்பது அவர்களுக்குத்தான் அதிகம்.

முதல் இரண்டு நாள்

கணுக்காலிலோ முழங்காலுக்குப் பின்னாலோ மரத்துப்போகும் ஊசி போட்டிருப்பார்கள். பன்னிரண்டு மணி நேரம், சிலருக்கு ஒரு நாள் முழுக்கக் கால் மரத்திருக்கும். வலி தெரியவில்லையே என்று மாத்திரையைத் தள்ளிப்போட்டால், ஊசி விட்டதும் நடுராத்திரியில் வலி மொத்தமாகத் தாக்கும். விரல்களில் குறுகுறுப்பு தொடங்கியதும், வலி வருமுன்பே, எழுதிக்கொடுத்த மாத்திரையைப் போட்டுவிடுங்கள். பாராசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் அதிகபட்சம் ஆறு. வலிக்கு எழுதும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில், டிரமடால் கலந்ததிலும் டைக்ளோபினாக் கலந்ததிலும், பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கும். அட்டையைத் திருப்பிப் படித்து அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காலில் போட்ட கட்டின்மேல் ரத்தக்கறை தெரிவது முதல் இரண்டு நாள் சகஜம். கறையின் விளிம்பைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நேரம் எழுதுங்கள். சில மணி நேரம் கழித்தும் கோட்டுக்குள்ளேயே இருந்தால் கவலையில்லை. கோட்டைத் தாண்டிப் பரவிக்கொண்டே போனால் மருத்துவமனைக்குப் பேசுங்கள். வெளியே தெரியும் விரல் நகத்தை அழுத்தி விடுங்கள்: வெளுத்த நகம் இரண்டு விநாடியில் மறுபடி சிவக்க வேண்டும். சிவக்காமல் விரல் நீலமாகவோ சில்லென்றோ இருந்தால் கட்டு இறுகியிருக்கலாம், காத்திருக்கக் கூடாது.

காலை உயர்த்துவது என்றால் எவ்வளவு உயரம்?

முதல் இரண்டு வாரத்தில் இதைவிடப் பெரிய மருந்து இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து காலை ஸ்டூலில் நீட்டினால் அது உயர்த்தியதாகாது. பாதம் நெஞ்சைவிட மேலே இருக்க வேண்டும். மல்லாந்து படுத்து, கெண்டைக்காலுக்கு அடியில் இரண்டு மூன்று தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் தொங்கும்படி விடுங்கள். குதிகால் தலையணையில் அழுந்தியே கிடந்தால் அங்கே புண் வரும். மணிக்கு ஐம்பது நிமிடம் கால் மேலே, பத்து நிமிடம் வேண்டுமானால் கீழே. சாப்பாடு, பாத்ரூம் எல்லாம் அந்தப் பத்து நிமிடத்துக்குள்.

காலைத் தொங்கவிட்டதும் பாதம் கருஞ்சிவப்பாகி விண் விண் என்று தெறிக்கும். உயர்த்தினால் சில நிமிடத்தில் பழைய நிறத்துக்கு வந்துவிடும் என்றால் பயப்பட வேண்டாம். வீக்கம் குறைய ஐஸ் வைக்கலாம், ஆனால் தடிமனான கட்டுக்கு மேலே வைத்தால் குளிர்ச்சி உள்ளே போகாது. கணுக்காலிலோ முழங்காலின் பின்பக்கத்திலோ துணி சுற்றிய ஐஸைப் பதினைந்து நிமிடம் வையுங்கள். கால் மரத்திருக்கும்போது வைக்காதீர்கள், தோல் வெந்ததுபோல் ஆனாலும் தெரியாது. சுடுநீர் ஒத்தடம், தைலம் தேய்ப்பது இரண்டும் இந்தக் கட்டத்தில் வீக்கத்தைக் கூட்டத்தான் செய்யும்.

விழித்திருக்கும்போது மணிக்கொரு முறை கணுக்காலை மேலும் கீழும் இருபது தடவை அசையுங்கள். கெண்டைக்காலில் ரத்தம் உறையாமல் இருக்க இது உதவும்.

நடை

தனி ஷூ இரண்டு வகை. ஒன்று அடிப்பாகம் வளையாத தட்டையான ஷூ. இன்னொன்று குதிப்பக்கம் உயர்ந்து, முன்பாதம் தரையில் படாமல் நிற்பது. எதுவானாலும் வேலை ஒன்றுதான்: காலடி எடுக்கும்போது கட்டைவிரல் மடங்கித் தரையை உந்தாமல் தடுப்பது. அதனால் சின்னச் சின்ன அடியாக, குதிகாலை ஊன்றி வையுங்கள். பாதத்தை முன்னே உருட்டாமல் அப்படியே தூக்கி எடுங்கள். அந்த ஷூவால் ஒரு கால் உயர்ந்துவிடும். அடுத்த காலில் வெறும் செருப்பு போட்டால் நாலு நாளில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதே உயரத்துக்குத் தடித்த அடி வைத்த ஷூ போடுங்கள். ராத்திரி எழும்போதும் தனி ஷூவை மாட்டாமல் கால் வைக்காதீர்கள். கைக்கு எட்டும் தூரத்தில், கட்டிலின் தலைமாட்டில் வையுங்கள்.

மாடிப்படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவைக் கால் முதலில், ஊன்றுகோலும் அதோடு.

நம் வீடுகளுக்கென்றே உள்ள ஆபத்து தரையிலிருந்து எழுவது. சம்மணத்திலிருந்து எழும் ஒருவரின் பாதத்தைக் கவனித்துப் பாருங்கள். உடம்பு முன்னால் சாயும், குதிகால் தூக்கும், அந்த நொடியில் உடம்பின் பாரம் முழுக்க மடங்கிய கட்டைவிரல் மூட்டில் இறங்கும். சாதாரண நடையைவிட அதிகமாக அந்த மூட்டு மடங்குவது அப்போதுதான். கோலம் போடக் குந்துவது, அரிவாள்மணையில் காய் நறுக்குவது, பூஜையில் விழுந்து கும்பிட்டு எழுவது எல்லாவற்றிலும் இதே கதை. கூடாத எலும்பு இதைத் தாங்காது. ஆறு வாரத்துக்கு எல்லாமே நாற்காலி உயரத்தில்தான். தவறிப்போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டால், பின்னால் நகர்ந்து கட்டிலிலோ கெட்டியான ஸ்டூலிலோ கைகளை ஊன்றி, நல்ல காலில் மட்டும் பாரம் போட்டு எழுந்திருங்கள்.

கட்டும் குளியலும்

அந்தக் கட்டு புண்ணை மூடுவதோடு விரலைப் புது நிலையில் பிடித்தும் வைத்திருக்கிறது. அவிழ்த்துப் பார்க்க ஆசைப்படாதீர்கள். குளிக்கும்போது ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பாலிதீன் பை மாட்டி, வாயை டேப்பால் ஒட்டுங்கள். ரப்பர் பேண்டு வேண்டாம், அது ரத்த ஓட்டத்தை இறுக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, கவிழ்த்த வாளியில் காலை வைத்துக் குளியுங்கள். கட்டு நனைந்துவிட்டால் காயவைக்க முயலாதீர்கள். அன்றைக்கே போய் மாற்றிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு

தையல் போட்டவர்கள் பருப்பு, முட்டை, மீன், கத்திரிக்காய் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று வீட்டில் பெரியவர்கள் தடுப்பார்கள். அக்கறையில் சொல்கிறார்கள், ஆனால் சீழ் கிருமியால் வருவது. புண் ஆறவும் எலும்பு கூடவும் புரதம் கட்டாயம் வேண்டும், ரசம் சாதத்தில் அது போதிய அளவு கிடைக்காது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. பருப்பு, தயிர், மீன், சுண்டல் என்று மூன்று வேளையும் ஏதாவது ஒன்று இருக்கட்டும். கால்சியத்துக்குக் கேழ்வரகும் பாலும். வைட்டமின் டி குறைவாக இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. மலச்சிக்கல் வந்தால் வலி மாத்திரை காரணமாக இருக்கலாம். தண்ணீரும் கீரையும் பழமும் கூட்டுங்கள்.

தையல் பிரித்த பிறகு

பத்திலிருந்து பதினான்கு நாளில் தையல் பிரிப்பார்கள். புண் மூடியதும் விரல் பயிற்சி தொடங்கலாம், டாக்டர் சரி சொன்ன பிறகு. கட்டைவிரல் மூட்டையே ஒட்டவைத்தவர்கள் இதைச் செய்யவே கூடாது.

நாற்காலியில் உட்கார்ந்து அறுவைக் காலை மறு தொடைமேல் போடுங்கள். ஒரு கையால் பாதத்தின் நீள எலும்பை அசையாமல் பிடியுங்கள். மறு கையால் கட்டைவிரலை அடிப்பாகத்தில், மூட்டை ஒட்டிப் பிடியுங்கள். நுனியைப் பிடித்து இழுத்தால் நுனி மூட்டுதான் மடங்கும், தேவையான மூட்டு அப்படியே இருக்கும். மெதுவாக மேலே தூக்கி, இழுவிசை தெரியும் இடத்தில் பத்து விநாடி நிறுத்துங்கள். பிறகு கீழ்ப்பக்கமும் அதேபோல். பத்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. வலி கொஞ்சம் வரும். அரை மணி நேரத்தில் அடங்கினால் அளவு சரி, ராத்திரி வரை நீடித்தால் குறையுங்கள். பயத்தில் இதைத் தள்ளிப்போடுபவர்களுக்கு மூட்டு இறுகிப்போய், பிறகு குந்தவே வராமல் போகிறது.

தழும்பு முழுக்க ஆறி, பொருக்கு உதிர்ந்த பிறகு தேங்காய் எண்ணெய் தொட்டு ஐந்து நிமிடம் வட்டமாக அழுத்தி விடுங்கள். தோல் அடியில் ஒட்டாமல் இருக்க இது உதவும். விரலின் உள்பக்கம் மரத்தாற்போல் இருப்பது பலருக்கு உண்டு, மாதக்கணக்கில் மெல்லத் தெளியும். சிலருக்குக் கொஞ்சம் நிலைத்தும் விடலாம்.

உடனே போக வேண்டிய நேரம்

புண் சிவந்து சூடாகி, நீர் கசிந்து, காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படியே. மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது என்றால் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம்: 108-க்குப் பேசுங்கள். கட்டைவிரல் இரண்டாம் விரலை விட்டு எதிர்ப்பக்கம் விலகிப் போவதுபோல் தெரிந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். ஆரம்பத்தில் டேப் ஒட்டியே பல சமயம் சரிசெய்துவிடலாம், தாமதித்தால் மறு அறுவை.

ஆறு வாரத்துக்குப் பின்

எக்ஸ்ரேயில் எலும்பு கூடியது தெரிந்தால் சாதாரண ஷூவுக்கு மாறலாம். இங்கே ஒரு கெட்ட பழக்கம் தலைதூக்கும். விரலுக்குப் பயந்து பாதத்தின் வெளி விளிம்பிலேயே நடப்பார்கள். கட்டைவிரல் தரையைத் தொடாமல் போக, பாரம் இரண்டாம் விரலின் அடியில் விழுந்து அங்கே வலியும் காய்ப்பும் வரும். கட்டைவிரலுக்கு அடியில் ஒரு தாளை வைத்து அழுத்துங்கள், இன்னொருவர் இழுக்கட்டும். தாள் உருவிக்கொண்டு வராத அளவுக்குப் பிடி வரும்வரை தினமும் செய்யுங்கள்.

ஓட்டம், குதிப்பு மூன்று மாதத்துக்கு முன் வேண்டாம். வலது காலில் அறுவை என்றால், பிரேக்கைத் தயங்காமல் ஓங்கி மிதிக்க முடியும்வரை கார் ஓட்டாதீர்கள், பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம். கியர் பைக்கில் இடது கால் விரல்தான் கியரை மேலே தூக்கும். இடது காலில் அறுவை ஆனவர்கள் ஸ்கூட்டியில் தொடங்கி, பிறகு பைக்குக்குப் போகட்டும். வார் செருப்பின் வார் கட்டைவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் நடுவே, வீக்கம் மிச்சமிருக்கும் இடத்திலேயே அழுத்தும். சில மாதம் அகலப் பட்டை வைத்த செருப்பு போடுங்கள்.

மாலையில் வீக்கம் வருவது ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்வரை இருக்கும். அதனால் ஷூ வாங்க மாலையில் போங்கள். போகும் முன் ஒரு தாளில் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு வரைந்து, அந்த வடிவத்தை வெட்டி எடுத்துப் போங்கள். கடையில் ஷூவுக்குள் போட்டுப் பாருங்கள். முன்பக்கத் தாள் ஓரங்களில் மடங்கினால், சைஸ் எண் சரியாகவே இருந்தாலும் அந்த ஷூ வேண்டாம்.