கார்ப்பெட் வீடும் டபிள்யூடி-40ம்: இங்கிலாந்துக்குப் புதிதாகப் போகும் நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு

போன வாரம் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். லீவு முடிய இன்னும் ஒன்பது நாள். எதிர்வீட்டுத் தம்பி இங்கிலாந்தில் கவென்ட்ரிக்கு மேல்படிப்புக்குப் போகிறான். "பெட்டி கட்டுறோம், ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்கண்ணா" என்று கூப்பிட்டான். போய்ப் பார்த்தால் கேழ்வரகு மாவு, மாங்காய் ஊறுகாய், நிலக்கடலை, ஸ்டிக்கர்கூடக் கிழிக்காத எவர்சில்வர் தட்டு நாலு. அந்த இடுக்கில் நீலமும் மஞ்சளுமாக ஒரு டபிள்யூடி-40 டப்பா, துருவுக்கும் இறுகிப்போன நட்டுக்கும் கத்தும் கீலுக்கும் அடிக்கிற ஸ்பிரே.

"அங்க ரிப்பேருக்கு ஆள் கூப்பிட்டா காசு ஜாஸ்தியாமே. இது ஒண்ணு இருந்தா எல்லாத்துக்கும் ஆகும்னாங்க" என்றான்.

எடுத்து வெளியே வைத்தேன். தீப்பற்றும் ஸ்பிரே டப்பா இது. கைப்பையிலும் கூடாது, சரக்கில் போடும் பெட்டியிலும் கூடாது. பெங்களூர் ஏர்போர்ட்டிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லுவார்கள். அங்கே போனால் எந்த ஹார்டுவேர் கடையிலும் இருக்கிறது. ஆனால் அதை வாங்குவதற்கு முன்னால் என் கதையைக் கேட்டுவிட்டு வாங்கு என்றேன். அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அரசாங்க வேலைகளை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். இ-விசா கணக்கை விமானம் ஏறுவதற்கு முன்பே திறந்து சரிபாருங்கள். விசாவுக்காகக் கொடுத்த பழைய பிளாஸ்டிக் கார்டெல்லாம் 2024 டிசம்பரோடு முடிந்தது. இறங்கிய வாரமே ஜி.பி. என்கிற வட்டாரப் பொது டாக்டரிடம் பெயரைப் பதியுங்கள். வேலை செய்வதாக இருந்தால் நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர் (சம்பளப் பிடித்தத்துக்கான அரசாங்க எண்) வாங்குங்கள். எல்லாரும் முழுநேர மாணவர்களாக இருக்கும் வீட்டுக்கு கவுன்சில் வரி (நம்ம ஊர் வீட்டு வரி மாதிரி) கிடையாது, அதற்கான கடிதத்தைக் காலேஜில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடுங்கள். சரி, இனி என் கதைக்கு வருகிறேன், அது ஒரு கதவில் ஆரம்பிக்கிறது.

2021 அக்டோபரில் இங்கிலாந்தில் இரண்டு படுக்கையறை உள்ள வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். மாசம் 900 பவுண்டு. பையனுக்கு அப்போது எட்டு மாசம். அவன் தூங்கும் அறையின் கதவைத் திறந்தால் 'கிறீச்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், அவன் எழுந்துவிடுவான். நம்ம ஊரில் கதவு கத்தினால் என்ன செய்வோம்? கீலில் நாலு சொட்டு விளக்கெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விடுவோம். கீழே வழிந்தால் துணியால் ஒரு இழுப்பு. நானோ ஓசூர் சிப்காட்டில் நான்கு வருஷம் லேத் பட்டறையில் இருந்தவன். இறுகிப்போன நட்டைப் பார்த்தாலே கை ஆயில் கேனைத் தேடும். எனக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா?

ராத்திரி பத்து மணிக்கு டப்பாவை எடுத்து, அந்தச் சிவப்புக் குழாயைச் சொருகி, மூன்று கீலுக்கும் தாராளமாக அடித்தேன். கதவை நாலு தடவை ஆட்டினேன். சத்தமே இல்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, பெருமையாகப் படுத்துத் தூங்கினேன்.

காலையில் பார்த்தால், கதவு நிலைக்குக் கீழே மணல் நிற கார்ப்பெட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. கீலுக்குள் எத்தனை வருஷமாகவோ கிடந்த பழைய கிரீஸ், துரு, அழுக்கு எல்லாம் கரைந்து ராத்திரி முழுக்கச் சொட்டியிருக்கிறது. சுவர் ஓரத்தில் கறுப்பு மை ஒழுகிய மாதிரி கோடு வேறு. பதறிப்போய் வெந்நீர், சோப்புப் பவுடர், பிரஷ் எல்லாம் எடுத்து வந்து தேய்த்தேன். அதுதான் அடுத்த முட்டாள்தனம். உள்ளங்கை அகலம் சாப்பாட்டுத் தட்டு அகலமானது, கார்ப்பெட்டின் நூல் எழும்பி நாய் முடி மாதிரி நின்றது.

சாயங்காலம் வீடியோ காலில் அம்மா பார்த்துவிட்டுக் கேட்டார்: "பவுடர் போட்டியா? பட்டுப்புடவையில எண்ணெய் பட்டா என்னடா பண்ணுவோம்?" எண்ணெய் பட்ட இடத்தில் முகப்பவுடரைக் கொட்டி ஊறவிட்டு உதறுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன்தான் நான். இங்கிலாந்துக்கு வந்ததும் அந்தப் புத்தி எங்கே போனதோ.

இது ஏன் இப்படி ஒழுகுகிறது என்பதை அப்புறம்தான் யோசித்தேன். டபிள்யூடி என்றால் 'வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட்', தண்ணீரை விலக்குவது. 1953இல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி என்ற சின்ன நிறுவனம் இதைச் செய்தது. நாற்பதாவது முயற்சியில் கைகூடியதால் 40. அட்லஸ் ஏவுகணையின் மேல்தகடு துருப்பிடிக்காமல் இருக்கத்தான் முதலில் பூசினார்கள். அந்த ஏவுகணை ஆலைத் தொழிலாளர்கள் ஒளித்து வீட்டுக்கு எடுத்துப் போக ஆரம்பித்ததும், 1958இல் ஸ்பிரே டப்பாவாகக் கடைக்கு வந்தது. (சிப்காட்டில் நாங்கள் காட்டன் வேஸ்ட்டைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு போனது ஞாபகம் வந்தது. உலகம் முழுக்கத் தொழிலாளி ஒரே ஜாதி.) ஈரத்துக்கு அடியில் புகுந்து தகட்டை ஒட்டிப் படர வேண்டும் என்றே செய்த சரக்கு. எண்ணெய் மாதிரி ஒரே இடத்தில் நிற்காது, வழியில் இருக்கும் அழுக்கையெல்லாம் கூட்டிக்கொண்டு ஓடும். வாடகை வீடுகளில் கார்ப்பெட் பெரும்பாலும் செயற்கை நூல், பெட்ரோலிய வம்சம். எண்ணெயைக் கண்டால் இழுத்துக்கொள்ளும், தண்ணீர் ஊற்றினால் விடாது.

2023இல் வீட்டைக் காலி செய்தபோதுதான் கணக்கு வந்தது. அட்வான்ஸ் ஐந்து வார வாடகை, 1,038 பவுண்டு. ஏஜென்ட் அந்த அறைக்கு முழுசாகப் புது கார்ப்பெட் போட வேண்டும் என்று 420 பவுண்டு கழித்து மெயில் அனுப்பினார். வெட்கமாக இருந்தது. தப்பு நம்முடையதுதானே என்று 'சரி' என்று பதில் போட்டுவிட்டேன். நம்ம காசுக்கு நாற்பதாயிரத்துக்கு மேல்.

பென்னாகரத்து நண்பர் ஒருவர், அங்கே பதினைந்து வருஷமாக இருப்பவர், கேட்டதும் கத்தினார்: "ஏம்பா, போச்சம்பள்ளி சந்தையில ஒரு ஆட்டுக்கே துண்டுக்குள்ள கையை விட்டு அரை மணி நேரம் பேரம் பேசுவோம். நீ ஒரே மெயில்ல ஒத்துக்கிட்டியே?"

அவர் சொன்னது இது. இங்கிலாந்தில் சாதாரண வீட்டுக்கு அட்வான்ஸ் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. வாங்கிய 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் அதைச் சேர்த்தாக வேண்டும். கழிப்பதில் சண்டை வந்தால் அந்தத் திட்டத்திலேயே நடுவர் பார்த்துச் சொல்லுவார், நமக்குச் செலவில்லை. சேதம் நாம் செய்ததுதான் என்று வீட்டுக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். பழைய கார்ப்பெட்டுக்குப் புது விலை கேட்கவும் முடியாது. எத்தனை வருஷம் உழைத்தது, இன்னும் எத்தனை வருஷம் உழைத்திருக்கும் என்று பார்த்து அந்தப் பங்குதான். நாங்கள் குடிவரும்போதே அது நாலைந்து வருஷம் மிதிபட்ட கார்ப்பெட். கேட்டிருந்தால் பாதிக்கு மேல் திரும்பியிருக்கும். ஏஜென்ட் சட்டத்தை மீறவில்லை, நான் வாயைத் திறக்கவில்லை. அதுதான் இன்றைக்கும் எரிச்சல்.

ஆகவே சாவி வாங்கும் அன்றே கார்ப்பெட்டின் மூலை, கதவின் அடி, ஜன்னல் விளிம்பு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஏஜென்டுக்கு மெயில் பண்ணுங்கள். கதவு கத்தினால் முதலில் ஏஜென்டுக்கே எழுதுங்கள், அது வீட்டுக்காரர் வேலை. நாமே செய்வதானால் கீழே பழைய டவலை நாலாக மடித்துப் போட்டு, கீலைச் சுற்றிக் கிச்சன் பேப்பரைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு சின்ன அழுத்து. உடனே துடைத்துவிட்டு, டவலைக் காலைவரை அங்கேயே விட்டுவிடுங்கள். தப்பித் தவறிச் சிந்தினால் தேய்க்காதீர்கள். உலர்ந்த துணியால் ஒற்றி ஒற்றி எடுத்து, சோளமாவையோ சமையல் சோடாவையோ கொட்டி ஊறவிடுங்கள். அப்புறம் பாத்திரம் கழுவும் திரவத்தில் ரெண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து மறுபடியும் ஒற்றுங்கள்.

இவ்வளவு சொன்னாலும் இந்த டப்பா எனக்குப் பகையில்லை. கம்பெனியே இரண்டாயிரத்துக்கு மேல் பயன்களைப் பட்டியல் போட்டிருக்கிறது. நான் கண்டதில் அசந்துபோனது கிரேயான். பையன் சுவரில் இழுத்த கோடெல்லாம், துணியில் கொஞ்சம் அடித்துத் துடைத்ததும் போய்விட்டது. அப்புறம் சோப்புத் தண்ணீரில் ஒரு துடைப்பு, இல்லாவிட்டால் எண்ணெய்த் திட்டு நிற்கும். பீரோவுக்குப் பின்னால் ஒரு மூலையில் முதலில் சோதித்துப் பாருங்கள். ரோட்டில் புதுசாகப் போட்ட தார் காரில் தெறித்தால் இதுதான் மருந்து. ஒகேனக்கல் பரிசலில் உட்கார்ந்து பேன்ட்டில் தார் ஒட்டிக்கொண்டால் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ப்போமே, அதே வேலைதான். ஜெர்கின் ஜிப் சிக்கினால், பனிக்காலத்தில் கார் பூட்டில் ஈரம் உறைந்தால் உதவும். பழைய சைக்கிள் செயினைச் சுத்தம் பண்ணலாம், ஆனால் அதோடு விட்டால் பத்து நாளில் செயின் மறுபடி கத்தும். துடைத்துவிட்டுச் செயின் ஆயில் போட வேண்டும்.

எவர்சில்வர் தட்டின் ஸ்டிக்கர் பசைக்கு இது அருமை. ஆனால் நாம் ஸ்டிக்கரை அடுப்புத் தீயில் காட்டிச் சூடாக்கி உரிப்போம் இல்லையா, அந்தப் பழக்கத்தையும் இதையும் ஒரே நேரத்தில் செய்துவிடாதீர்கள். தீயாவது, இல்லை டப்பாவாவது. அப்புறம் தட்டை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முறுக்கு அச்சு, தேங்காய்த் துருவி பக்கம் டப்பா போகவே கூடாது, அதற்குச் சமையல் எண்ணெய் போதும். மஞ்சள் கறைக்கு இது ஒன்றும் செய்யாது, வெயிலில் போடுங்கள், வெயில் வரும் நாளில். அத்தை ஒருவர் "முட்டி வலிக்கு அடிச்சுக்கலாமாமே?" என்று கேட்டார். கூடாது. மூட்டு வலிக்கு இது மருந்தில்லை என்று கம்பெனியே சொல்லிவிட்டது.

தம்பி பெட்டியை மறுபடி எடை போட்டான். டப்பா போன இடத்தில் அவன் அம்மா இன்னொரு பொட்டலம் கடலையை வைத்துவிட்டார். "இத நீங்களே வெச்சுக்குங்கண்ணா" என்று டப்பாவை என்னிடம் கொடுத்தான்.

சாயங்காலம் எங்கள் இரும்பு கேட்டுக்கு அடித்தேன். ரொம்ப நாளாகக் கத்திக்கொண்டிருந்தது. கீலிலிருந்து கறுப்பாக வழிந்து சிமெண்ட் தரையில் சொட்டியது. நான் துணியைத் தேடி உள்ளே போவதற்குள் அம்மா கோணிச்சாக்கைக் காலால் தள்ளித் துடைத்துவிட்டு, பால் வாங்கக் கிளம்பிவிட்டார்.