ராக், ஜாஸ் ஆல்பங்களைக் கேட்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழு 1973இல் வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தை நான் முதல் இரண்டு ஆண்டுகள் தவறாகவே கேட்டு வந்தேன். கணினியிலிருந்து கைப்பேசிக்கு மாற்றிய கோப்புகள் ஆங்கில அகர வரிசையில் ஓடிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. அந்த ஆல்பம் இதயத் துடிப்பின் ஒலியோடு தொடங்கி, அதே துடிப்பு மெல்லத் தேய்ந்து மறைவதோடு முடிகிறது. எனக்கோ முடிவுப் பாடலான 'எக்லிப்ஸ்' நான்காவதாக வந்தது. தொடக்கமான 'ஸ்பீக் டு மீ' அதற்கும் வெகு பின்னால் வந்தது. பாடல்கள் பிடித்திருந்தும், எல்லோரும் இதை ஏன் இவ்வளவு போற்றுகிறார்கள் என்பது விளங்கவில்லை. வரிசையைச் சரிசெய்து ஓர் இரவு முழுவதுமாகக் கேட்ட பிறகுதான், தனித்தனிப் பாடல்கள் என்று நான் நினைத்திருந்தவை ஒரே நீண்ட படைப்பின் பகுதிகள் என்று புரிந்தது.

ஆகவே தவிர்க்க வேண்டிய முதல் தவறு, வரிசையைக் கலைத்துக் கேட்பது. பாடல்களுக்கிடையே இடைவெளி விழுவதும் இதே அளவுக்குக் கேடு செய்யும். எம்பி3 கோப்புகளில் ஒவ்வொரு பாடலின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறு மௌனம் ஒட்டிக்கொள்வதுண்டு. ஒலி அறாமல் அடுத்த பாடலுக்குள் நுழையும் இடங்களில் அது நூல் அறுந்தாற்போல் கேட்கும். உங்கள் செயலியில் இடைவெளியின்றி இசைக்கும் வசதி இருந்தால் அதை இயக்கி வையுங்கள். ஒரு பாடலின் வாலையும் அடுத்ததன் தலையையும் கலக்கும் வசதியை அணைத்து விடுங்கள்.

எந்தக் கருவியில் கேட்கிறோம் என்பதும் முக்கியம். என் விருப்பங்களில் முதலிடம் பெறும், ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தின் முதல் பாடல் 'சோ வாட்'. அதில் மெட்டை எடுப்பது பால் சேம்பர்ஸ் வாசிக்கும் பேஸ் என்ற கீழ்ச்சுரத் தந்தி வாத்தியம். மற்ற வாத்தியங்கள் இரண்டு சிறு ஒலிகளில் அதற்குப் பதில் சொல்கின்றன. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி பேஸின் கீழ்ச்சுரங்களைப் பெரும்பாலும் விழுங்கி விடுவதால், கேள்வி காதில் விழாமல் பதில் மட்டுமே விழுகிறது. ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக் கேட்பதும் இதே போன்ற பிழைதான். பீட்டில்ஸின் 'ரப்பர் சோல்' ஆல்பத்தின் 1965ஆம் ஆண்டு ஸ்டீரியோ பதிப்பில் பல பாடல்களில் குரல்கள் ஒரு பக்கமும் வாத்தியங்கள் மறுபக்கமுமாகப் பிரிந்து கிடக்கின்றன; ஒற்றைக் காதுக்குப் பாதிப் பாட்டுதான் கிடைக்கும்.

ஒரே பெயர் கொண்ட எல்லாப் பதிப்புகளும் ஒன்றே என்று எண்ணுவது பலருக்குத் தெரியாமலே நேரும் தவறு. 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரு நாள்களில், நியூயார்க்கில் முன்பு தேவாலயமாக இருந்த ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது. மார்ச் மாத அமர்வில் ஒலியைப் பதிந்த நாடாப் பொறி சற்று மெதுவாக ஓடியதால், அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டியபோது இசைத்தட்டின் முதல் பக்கத்து மூன்று பாடல்களும் வாசித்ததைவிட வேகமாகவும் சுருதி ஏறியும் ஒலித்தன. இந்தப் பிழை 1990களின் மறுவெளியீடுகளில்தான் திருத்தப்பட்டது. பழைய இசைத்தட்டோடு சேர்த்து வாசிக்க முயலும் மாணவர், தன் வாத்தியத்தின் சுருதி கெட்டுவிட்டதோ என்று வீணாகத் தவிக்க நேரிடும்.

கர்நாடக இசையில் பழகிய நம் காதுகளுக்கே உரிய ஒரு தவறும் உண்டு. இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 'சோ வாட்' கேட்ட ரசிகர் ஒருவர், "இது கரகரப்பிரியா ராகம்தானே, கமகம் (சுரங்களை அசைத்து இசைப்பது) மட்டும் இல்லை" என்று சொல்லி ஒதுக்கி விட்டார். அவர் சொன்னதில் பாதி சரி: அந்தப் பாடல் பயன்படுத்தும் டோரியன் என்ற மேற்கத்திய சுர வரிசையின் ஏழு சுரங்களும் கரகரப்பிரியாவின் சுரங்களே. ஆனால் 32 பார் (நான்கு எண்ணிக்கை கொண்ட தாளக் கட்டம்) கொண்ட ஒவ்வொரு சுற்றிலும், முதல் 16 பார்கள் முடிந்தவுடன் அடுத்த 8 பார்களுக்கு அந்த வரிசை முழுவதும், ஆதார ஷட்ஜமும் உட்பட, அரைச் சுரம் மேலேறி, பிறகு பழைய இடத்துக்கே இறங்குகிறது. தம்புராவின் மேல் நிற்கும் இசையில் நடக்க முடியாத செயல் இது. டேவிஸின் டிரம்பெட் அந்த மேட்டில் ஏறும் நொடியையும் இறங்கும் நொடியையும் காத்திருந்து கேளுங்கள். பாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கமகத்தைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு அது தப்பிப் போகும்.

தாளத்திலும் இப்படியே. டேவ் புரூபெக் குழுவுக்காக பால் டெஸ்மண்ட் இயற்றிய 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கையில் அமைந்தது என்றதும் கண்டசாபு தாளம் போலத் 'தக தகிட' (2+3) என்று தட்டத் தொடங்கி விடுகிறோம். ஆனால் அதன் நடை 'தகிட தக' (3+2).

கடைசியாக, உறையில் அச்சிட்டதைப் படிக்காமல் விடுவது. சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1964 டிசம்பர் 9 அன்று நியூ ஜெர்சியில் பதிவு செய்த 'எ லவ் சுப்ரீம்' ஆல்பத்தின் உறைக்குள் அவரே இறைவனை நோக்கி எழுதிய கவிதை ஒன்று இருக்கிறது. நான்காம் பகுதியான 'சாம்' (Psalm, துதிப்பாடல்) முழுவதும், அந்தக் கவிதையைச் சொல் சொல்லாக, அசை அசையாக அவர் சாக்ஸபோனில் ஓதுகிறார். சாகித்யத்தை மனத்துக்குள் சொல்லியபடியே கீர்த்தனை வாசிக்கும் நாதஸ்வரக் கலைஞரைக் கேட்டுப் பழகிய நமக்கு இது அன்னியமே அல்ல. இணையத்தில் கேட்போருக்கு அந்த உறை கிடைப்பதில்லை என்பதால், கவிதையைத் தேடி எடுத்து எதிரே வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை இரண்டு மூன்று வரிகளில் இடம் தவறும். அப்போது நிறுத்தாமல், இறைவனுக்கு நன்றி சொல்லும் வரி அடுத்து வரும் இடத்தில் மீண்டும் அவரோடு சேர்ந்துகொள்ளுங்கள். அந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது.