வெள்ளை கவுன் வாங்குமுன்: 1909 லண்டன் கடைத்தெருவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏழாம் எட்வர்டு 1901 முதல் 1910 வரை பிரிட்டனின் அரசராக இருந்தார். அந்தக் காலத்துக் கோடைப் புகைப்படங்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். புல்வெளி, தேநீர் மேசை, குடை அகலத்துக்குத் தொப்பி, தரையைத் தொடும் வெள்ளை கவுன். அப்படி ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டால் நாமும் அந்தப் படத்துக்குள் போய்விடலாம் என்று தோன்றும். அங்கேதான் கணக்கு தப்புகிறது. அந்த கவுனோடு அதற்கு அடியில் போடுபவை, அதன் முதுகுக் கொக்கிகளை மாட்டிவிட ஒரு கை, அதைத் துவைத்துத் தேய்க்க ஒரு கை என்று ஒரு குடித்தனமே சேர்ந்து வரும். விலைச் சீட்டில் இவை எதுவும் எழுதியிருக்காது.

சரி, 1909 மே மாதம். லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் இறங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜூனில் அஸ்காட் குதிரைப் பந்தயம், ஜூலையில் ஹென்லி படகுப் போட்டி, ஆகஸ்டில் கௌஸில் பாய்மரப் படகு விழா. மூன்றுக்கும் உடை வேண்டும்.

முதலில், கடைக்குள் நுழையும் விதம். "சும்மா பார்த்துவிட்டு வரலாம்" என்று பழைய பாணி ஜவுளிக்கடைக்குள் போகாதீர்கள். வாசலிலேயே நீண்ட கோட்டுப் போட்ட மேற்பார்வையாளர் நிற்பார். என்ன வேண்டும் என்று கேட்டு, அந்தப் பிரிவின் நாற்காலியில் உங்களை உட்கார வைத்துவிடுவார். சரக்கெல்லாம் பெட்டியிலும் இழுப்பறையிலும் இருக்கும். கேட்டால்தான் வெளியே வரும். ஒன்றும் வாங்காமல் எழுந்து வர நல்ல நெஞ்சுரம் வேண்டும். 'ஆர்மி அண்ட் நேவி ஸ்டோர்ஸ்' போன்ற இடங்களில் உறுப்பினராக இல்லாவிட்டால் வியாபாரமே கிடையாது. அந்த வருஷம் மார்ச் 15ஆம் தேதிதான் சிகாகோவிலிருந்து வந்த செல்ஃப்ரிட்ஜ் தன் பெரிய கடையைத் திறந்தார். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வாருங்கள், சுற்றிப் பாருங்கள் என்பதுதான் அவருடைய விளம்பரம். முதல் நாள் அங்கே போய்க் கண்ணால் பார்த்துக்கொண்டு, மறுநாள் மற்ற கடைகளுக்குப் போவது புத்திசாலித்தனம்.

அடுத்தது காசுக் கணக்கு. 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. இதுவரை சரி. ஆனால் நாகரிகமான தையற்கடைகள் விலையை 'கினி'யில் சொல்லும். ஒரு கினி என்றால் 21 ஷில்லிங். அந்த நாணயத்தை அச்சடிப்பதை நிறுத்தி அப்போதே சுமார் நூறு வருஷம் ஆகியிருந்தது. பெயர் மட்டும் கௌரவத்துக்காக உயிரோடு இருந்தது. பத்து கினி என்பதைப் பத்து பவுண்டு என்று நினைத்துக்கொண்டு போனால் பத்து ஷில்லிங் துண்டு விழும். சாதாரண ஜவுளிக்கடையில் தந்திரம் வேறு மாதிரி. 19 ஷில்லிங் 11¾ பென்ஸ் என்று சீட்டு இருக்கும். 19 மட்டும் பெரிதாக, மீதி பொடி எழுத்தில். நம் ஊர் 'பாட்டா விலை'க்கு அண்ணன் இது. மிச்சம் வர வேண்டிய கால் பென்னிக்குப் பதில் ஒரு தாளில் குத்திய குண்டூசிகளைக் கையில் திணிப்பார்கள். சில்லறைக்குப் பதில் சாக்லேட் வாங்கிப் பழகிய நமக்கு இது புதிதல்ல.

கவுன் வாங்கப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, கவுனை முதலில் வாங்குவது. முதலில் வாங்க வேண்டியது கார்செட், அதாவது உடம்பை இறுக்கி உருவம் கொடுக்கும் உள்கச்சு. 1902இல் நாகரிகமாக இருந்த உருவம் வேறு: மார்பு முன்னே தள்ளி, இடுப்பு பின்னே தள்ளி, பக்கவாட்டில் பார்த்தால் எஸ் எழுத்து மாதிரி. 1908க்குப் பிறகு அது போய்விட்டது. இப்போது கோடு நேராக இறங்க வேண்டும், இடுப்பு வரி மேலே ஏற வேண்டும், பாவாடை ஒடுங்க வேண்டும். அதற்கேற்ப கார்செட்டும் நீண்டு, தொடை வரை இறங்கிவிட்டது. பழைய கார்செட்டின் மேல் புதுக் கவுனைப் போட்டால், துணி எங்கெங்கோ சுருங்கி, தையற்காரர்மேல் பழி விழும். பாவம், அவர் என்ன செய்வார்? புதுக் கார்செட்டைப் போட்டுப் பார்க்கும்போது நின்று மட்டும் பார்க்காதீர்கள். உட்கார்ந்து பாருங்கள். அஸ்காட்டில் நாள் முழுக்க நிற்கப் போவதில்லை.

இனி கவுன். கோடைக்கு எல்லோரும் தேடுவது 'லாஞ்சரி கவுன்' என்ற வகை. உள்ளாடைக்குப் பயன்படும் மெல்லிய பருத்தியும் லேஸும் வெளியுடைக்கு வந்ததால் அந்தப் பெயர். கண்ணுக்கு எளிமையாகத் தெரியும். கிட்டே போய்ப் பார்த்தால் மயிரிழை போன்ற மடிப்புகள், நடுநடுவே துணியை வெட்டிப் பதித்த வேலன்சியென் லேஸ், வெள்ளை நூலில் வெள்ளைப் பூவேலை. விலைப்பட்டியலில் இதைப் பார்த்துத் தபாலில் வரவழைப்பவர்கள் ஒரு சொல்லைக் கவனிப்பதில்லை: 'அரைத் தையல்'. பாவாடையின் பின்பக்கம் திறந்தே இருக்கும். மேற்சட்டைக்கு வெறும் துணிதான் வரும். மிச்சத்தைத் தையற்காரியிடம் கொடுத்து உங்கள் அளவுக்கு முடிக்க வேண்டும். மலிவாகக் கிடைத்ததே என்ற சந்தோஷம் அங்கே கரையும்.

அப்புறம் சுருக்கம். துணி சுருங்காமலிருக்க ஆலையிலேயே பக்குவம் செய்யும் சான்ஃபரைஸ் முறை 1930 வாக்கில்தான் வந்தது. 1909இல் பருத்தியும் லினனும் முதல் துவைப்பில் தம் இஷ்டத்துக்குச் சுருங்கும். தைப்பதற்கு முன் துணியை நனைத்துக் காயவைத்தார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் விளிம்பில் மடித்து விட்ட துணி எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். துவைப்பதோடும் முடியாது. கஞ்சி போட்டு, அடுப்பில் காய்ச்சிய இரும்பால் ஒவ்வொரு மடிப்பாகத் தேய்க்க வேண்டும். வெள்ளை உடை அன்றைக்குப் பெருமையாக இருந்ததற்கு இதுவே பாதிக் காரணம் என்பது என் எண்ணம்: இதைத் தேய்க்க எனக்கு ஆள் இருக்கிறது என்று அது ஊருக்குச் சொன்னது. பட்டன்கள் முதுகுப் பக்கம் இருந்ததும் அதே கதை. தனியாக அறையெடுத்துத் தங்கி வேலைக்குப் போகும் பெண், பின்னால் கொக்கி வைத்த சட்டையை வாங்கினால் தினமும் காலையில் பக்கத்து அறைக் கதவைத் தட்ட வேண்டியதுதான். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையும் கணுக்காலோடு நிற்கும் நடைப் பாவாடையும் அவளுக்குப் போதும். தரையில் இழுபடும் பாவாடை தெருவுக்கு ஆகவே ஆகாது. லண்டன் தெருவில் இன்னும் குதிரைகள் ஓடுகின்றன. அவை விட்டுச் சென்றதையெல்லாம் அது கூட்டிக்கொண்டு வரும்.

பட்டுத் துணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏமாற்று அதிகம் நடந்த இடம் அது. பட்டு நூலை அவித்துப் பசையை நீக்கும்போது எடையில் நான்கில் ஒரு பங்கு வரை போய்விடும். பட்டு எடைக்கு விற்கும் சரக்கு. வியாபாரி சும்மா இருப்பாரா? போன எடையைத் திருப்பிக் கொண்டுவர வெள்ளீய உப்புக் கரைசலில் நூலை முக்கினார்கள். திரும்பி வந்த பிறகும் நிறுத்தவில்லை, மேலே மேலே ஏற்றினார்கள். கறுப்புச் சாயம்தான் இதற்கு ரொம்ப வசதி. பட்டைவிட அதில் ஏறிய உப்பு அதிகமாக இருந்த துணிகளும் உண்டு. இப்படிக் கனமேற்றிய பட்டு கையில் கொழுகொழுவென்று இருக்கும், நடந்தால் சரசரக்கும், அழகாக மடிந்து விழும். வெயிலும் வியர்வையும் பட்டால் மடிப்பு மடிப்பாகக் கீறி உதிரும். அதாவது, எந்தப் பருவத்துக்காக வாங்குகிறீர்களோ அதே பருவம்தான் அதற்கு எமன். அருங்காட்சியகங்களில் அந்தக் காலத்துப் பருத்தி கவுன்கள் நன்றாக இருக்க, பட்டு உள்துணிகள் நார் நாராகக் கிழிந்து கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

சோதனை நமக்குத் தெரிந்ததே. ஓரத்து நூலை நாலு இழை உருவிக் கொளுத்திப் பாருங்கள். சுத்தப் பட்டு முடி கருகும் நாற்றத்தோடு சுருண்டு, தொட்டால் பொடியும் சின்ன உருண்டையாகும். உப்பேற்றியது, எரிந்த பிறகும் நூலின் வடிவத்திலேயே சாம்பலாக நிற்கும். கனமாக இருந்தால் நல்ல பட்டு என்ற நம்பிக்கையைக் கடை வாசலிலேயே விட்டுவிடுங்கள்.

காலணிக்குக் காலையில் போகாதீர்கள். கோடையில் கால் வீங்கும். பிற்பகலில் போட்டுப் பார்த்ததே உண்மையான அளவு. சின்னப் பாதம் அழகு என்று ஒரு எண் குறைத்துக் கேட்பது அன்றைய நாகரிகப் பெண்களின் தீராத வியாதி. பளபளக்கும் பேட்டன்ட் தோல் கோடைக்கு வேண்டாம், காற்றே புகாது, வெந்துவிடும். மெல்லிய ஆட்டுக்குட்டித் தோலோ வெள்ளைக் கான்வாஸோ போதும். பட்டன் வைத்த பூட்ஸ் கணுக்காலில் இறுக்கமாக இருந்தால் வேறு ஜோடி தேட வேண்டியதில்லை. பட்டன்களைப் பிரித்து நகர்த்தித் தைத்துத் தருவார்கள், கேட்டால் போதும். பட்டன் மாட்டும் கொக்கியையும் மறக்காமல் வாங்குங்கள், விரலால் முடியாது. வளைந்த உயரக் குதிகால் தோட்ட விருந்தில் புல்லுக்குள் ஆணி மாதிரி இறங்கும். வெள்ளைக் காலணியில் இன்னொரு சங்கடம்: மேலே பூசும் வெள்ளைக் களிமண் நன்றாகக் காயாவிட்டால், கறுப்பு ஸ்டாக்கிங்கிலும் பாவாடை விளிம்பிலும் ஒட்டிக்கொள்ளும்.

ஆண்களுக்கு இவ்வளவு தொல்லை இல்லை. பழுப்பு பூட்ஸ் கடற்கரைக்கும் கிராமத்துக்கும், லண்டனுக்குள் கறுப்பு. பனாமா தொப்பியைச் சுருட்டிப் பையில் வைக்கலாம் என்று கடைக்காரர் செய்து காட்டுவார். அவர் செய்யட்டும். நீங்கள் செய்தால் மடிப்பில் ஓலை உடையும். பெயர்தான் பனாமா, நல்ல தொப்பி ஈக்வடாரிலிருந்து வருகிறது.

பெண்கள் தொப்பியில் பார்க்க வேண்டியது விட்டத்தை மட்டுமல்ல. 1907இல் 'மெர்ரி விடோ' இசை நாடகத்தில் லில்லி எல்சி போட்டுக்கொண்ட பிரம்மாண்டத் தொப்பிக்குப் பிறகு எல்லாத் தொப்பியும் வளர்ந்துவிட்டது. அதைக் கொண்டையில் நிறுத்த கிட்டத்தட்ட ஒரு முழ நீள ஊசிகள் வேண்டும். டிராமில் பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கு ஆபத்து. ஊசி முனைக்கு மூடி கேட்டு வாங்குங்கள். தொப்பியில் வெள்ளைக் குஞ்சமாக நிற்கும் இறகு செயற்கையானது என்று கடைக்காரி சத்தியம் செய்தால் நம்பாதீர்கள். பல கடைகளில் அது குஞ்சு பொரிக்கும் காலத்தில் கொல்லப்பட்ட வெண்கொக்கின் நிஜ இறகுதான். இனி அந்த இறகை அணியப் போவதில்லை என்று அரசி அலெக்ஸாண்ட்ரா 1906இலேயே அறிவித்துவிட்டார். ஆகவே அது நாகரிகமும் இல்லை.

கடைசியாக, ஜூலைத் தள்ளுபடி விற்பனை. அடுத்த வருஷத்துக்கு ஆகும் என்று வண்ண வண்ணமாக வாங்கி அடுக்காதீர்கள். 1910 மே 6ஆம் தேதி எட்வர்டு காலமானார். அடுத்த மாதம் அஸ்காட் நடந்தது, ஆனால் வந்தவர்கள் எல்லோரும் துக்கத்துக்காகக் கறுப்பில்: கறுப்பு கவுன், கறுப்பு இறகு வைத்த அதே அகலத் தொப்பி. 'பிளாக் அஸ்காட்' என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது. அந்தச் சில வாரங்களில் அவசரம் அவசரமாகக் கறுப்புப் பட்டு வாங்க ஓடியவர்களில் எத்தனை பேர் நூலை உருவிக் கொளுத்திப் பார்த்திருப்பார்கள்?