பெரிய கடல் மீனுக்கு மலிவான ரீல்: காசை எதில் போடுவது, எதில் மிச்சம் பிடிப்பது

என் முதல் கடல் ரீலை, அதாவது கோலில் பொருத்தித் தூண்டில் நரம்பைச் சுற்றும் கருவியை, அட்டைப்பெட்டியைப் படித்துத்தான் வாங்கினேன். அதிகபட்ச டிராக் (நரம்பு ஓடுவதைத் தடுக்கும் பிரேக்) 20 கிலோ, பேரிங் 11, தங்க நிறத்தில் மின்னும் கைப்பிடி. ஒரு நடுத்தரச் சூரை கடித்ததும் டிராக்கை இறுக்கினேன். ரீலின் உடல் லேசாக முறுக்கிக்கொண்டது. நரம்பு சுற்றிய ஸ்பூல் ஓரத்தில் உரசியது, கைப்பிடி சுற்ற மறுத்தது, அப்புறம் நரம்பு அறுந்த சத்தம். அதே பணத்துக்கு உருப்படியான ரீல் அன்றைக்கே கிடைத்திருக்கும். எதைப் பார்த்து வாங்குவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

படி 1: மீன், நரம்பு, அதற்குப் பிறகுதான் ரீல்

பெரிய ரீல்களின் பெயரில் 30, 50, 80 என்று எண் வருவதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது எத்தனை பவுண்டு நரம்புக்கான ரீல் என்பதைக் குறிக்கும். 1939-இல் தொடங்கிய ஐஜிஎஃப்ஏ என்ற சர்வதேச விளையாட்டு மீன்பிடி அமைப்பு மீன்பிடிச் சாதனைகளை நரம்பின் வலிமையை வைத்தும் வகை பிரிக்கிறது. 20, 30, 50, 80, 130 பவுண்டு என்பவை அதன் பெரிய வகுப்புகள். 80-உம் 130-உம் பெரிய மார்லினுக்கும் ராட்சதச் சூரைக்குமானவை. எடை அதிகம், விலையும் அதிகம். புதிதாக ஆரம்பிப்பவருக்கு 30 போதும், மிஞ்சினால் 50. சூரை, மயில்மீன், பெரிய பாரை எல்லாம் இதற்குள் அடங்கும்.

படி 2: உங்களுக்கு எவ்வளவு டிராக் தேவை?

இந்தப் படியில் மட்டும் அவசரப்படாதீர்கள். மீன் இழுக்கும்போது ஸ்பூல் வழுக்கி நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டும். ஆனால் சும்மா விடக்கூடாது, மீனைக் களைப்பாக்க வேண்டும். அந்த உராய்வு பிரேக்தான் டிராக். நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை டிராக் வைப்பது வழக்கம். 50 பவுண்டு நரம்பு என்றால் ஏறக்குறைய 22.7 கிலோ. அதில் கால் பங்கு 5.7 கிலோ, மூன்றில் ஒன்று 7.6 கிலோ. அவ்வளவுதான்! பெட்டியில் போட்டிருந்த 20 கிலோவை நான் எந்தக் காலத்திலும் பயன்படுத்தியிருக்க முடியாது. 15 கிலோ டிராக்கை நின்றுகொண்டு சில நிமிடம் பிடித்துப் பாருங்கள், இடுப்பு பதில் சொல்லும்.

ஏன் இவ்வளவு குறைவாக வைக்கிறோம்? நரம்பு வெளியே ஓட ஓட ஸ்பூலில் மிச்சமிருக்கும் சுற்றின் விட்டம் குறைகிறது. பிரேக்கின் பிடி மாறாவிட்டாலும், விட்டம் பாதியானால் நரம்பின் மேல் வரும் இழுவை இரட்டிப்பாகிவிடும். 7 கிலோ என்று வைத்தது 14 ஆகும். இதோடு தண்ணீருக்குள் நீளமாகக் கிடக்கும் நரம்பின் உராய்வும் சேரும். முடிச்சு பெரும்பாலும் நரம்பைவிடப் பலவீனம். மீன் தூரம் ஓடிவிட்டால் டிராக்கைக் கொஞ்சம் தளர்த்துவது இதனால்தான். புதிதாக வருபவர்கள் சரியாக அந்த நேரத்தில் பயந்துபோய் இறுக்குவார்கள், நானும் அதைத்தான் செய்தேன்.

ஆகவே டிராக்கில் எண்ணைவிட வழவழப்பு முக்கியம். கார்பன் ஃபைபர் வாஷர் உள்ளதா என்று பாருங்கள். நீண்ட ஓட்டத்தில் வாஷர் சூடாகும்; மட்டமான வாஷர் சூட்டில் விட்டு விட்டுப் பிடிக்கும். அந்த ஒவ்வொரு வெட்டும் நரம்புக்கு ஓர் அடி.

படி 3: எந்த வகை?

மேலே துள்ளும் மீன் கூட்டத்தின் மேல் லூர் (செயற்கை இரை) வீசப் போகிறீர்கள் என்றால், கோலுக்குக் கீழே தொங்கும் ஸ்பின்னிங் ரீல். பென் நிறுவனத்தின் ஸ்பின்ஃபிஷர் 6 போல, தண்ணீர் புகாதபடி அடைத்த உடல் உள்ளதாகப் பாருங்கள். படகுக்குப் பின்னால் லூரை இழுத்துச் செல்லும் டிரோலிங்குக்கும், இரை போட்டுக் காத்திருப்பதற்கும், கோலின் மேல் உட்காரும் கன்வென்ஷனல் ரீல்தான். அதே விலைக்கு அதிக பலம் இதில் கிடைக்கும், ஏனென்றால் நரம்பு நேராக ஸ்பூலுக்குப் போகிறது. ஸ்பின்னிங்கில் அது ஒரு சின்ன ரோலரில் திரும்பித்தான் உள்ளே வரும்.

கன்வென்ஷனலில் ஸ்டார் டிராக் என்றால் கைப்பிடிக்குப் பக்கத்தில் நட்சத்திரச் சக்கரம். மலிவு, எளிது, பழுது பார்க்கவும் சுலபம். 1930-களில் வந்த பென் செனட்டர் இந்த வகைதான். லீவர் டிராக் என்றால் ஒரு நெம்புகோல். எந்த இடத்தில் எத்தனை கிலோ என்று முன்கூட்டியே அளந்து வைக்கலாம், மீன் ஓடும்போது குழப்பமில்லை. டிரோலிங்குக்கு லீவர்தான் என் ஓட்டு. ஷிமானோ டிஎல்டி 25 மாதிரியான ஒற்றை வேக லீவர் ரீல்கள் சிக்கன வரிசையில் நெடுநாளாகப் பேர் பெற்றவை.

நரம்பைத் தானாகப் பரப்பிச் சுற்றும் லெவல் விண்ட் வேண்டாம். பெரிய மீனின் வேகத்தில் முதலில் கெட்டுப்போகும் பாகம் அது. கட்டைவிரலால் பரப்பப் பழகிக்கொள்ளுங்கள்.

படி 4: உடல்

மலிவான ரீல் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். ஒரே துண்டான அலுமினியச் சட்டம் சிறந்தது. கிராஃபைட் சட்டம் துருப்பிடிக்காது, எடை குறைவு. ஆனால் முழு டிராக்கில் கொஞ்சம் வளையும். 30 பவுண்டு வேலைக்கு நல்ல கிராஃபைட் தாராளமாகப் போதும்.

இன்னொன்று. பல இழைகளைப் பின்னிய பிரெய்ட் நரம்பு, அதே வலிமையுள்ள மோனோவைவிட (ஒற்றை இழை நைலான் நரம்பு) ஏறக்குறைய பாதி தடிமன்தான், அதனால் சின்ன ரீலில் கூட 100 பவுண்டு பிரெய்டைச் சுற்றிவிட முடியும். சுற்றலாம், ஆனால் நரம்பு தாங்கும் இழுவையை ரீல் தாங்காது. பல்சக்கரம்தான் முதலில் போகும்.

படி 5: கொள்ளளவும் வேகமும்

குறைந்தது 400 மீட்டர் நரம்பு பிடிக்க வேண்டும் என்பது என் கணக்கு. வெறும் ஸ்பூலில் பிரெய்டை நேராகக் கட்டினால் மொத்தமாக வழுக்கிச் சுற்றும். அடியில் சில சுற்று மோனோ போடுங்கள்.

கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் ஸ்பூல் எத்தனை முறை சுற்றும் என்பதே கியர் விகிதம். 6:1 வேகமானது, ஆனால் ஆழத்தில் வட்டமிடும் சூரையைத் தூக்கும்போது கை ஓய்ந்துவிடும். கியரை மாற்றிக்கொள்ளும் இரண்டு வேக ரீல் வசதிதான், காசும் கூடுதல். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 4:1-ஐ ஒட்டியதை எடுங்கள். பேரிங் எண்ணிக்கையை மறந்துவிடலாம். உப்பு நீரில் துருப்பிடிக்கும் 11 பேரிங்கைவிடத் துருப்பிடிக்காத 4 மேல்.

படி 6: கையில் எடுத்துச் சோதியுங்கள்

டிராக்கை முழுக்க இறுக்கி, ஸ்பூலைக் கையால் பிடித்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றப் பாருங்கள். சட்டம் நெளிகிறதா? கைப்பிடியைப் பின்பக்கம் தட்டுங்கள். பின்னோக்கி ஓடவே கூடாது. டிராக்கைத் தளர்த்தி நரம்பை மெதுவாக இழுங்கள்: திக்கித் திக்கி வந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். பழைய ரீல் என்றால் திருகுகளைச் சுற்றி வெள்ளைப் பொடியோ பச்சைப் படிவமோ இருக்கிறதா என்று பாருங்கள். வாஷர் தேய்ந்திருப்பது பெரிய குறையில்லை, மாற்றிக்கொள்ளலாம். புதிதோ பழசோ, உதிரிபாகம் கிடைக்காத ரீலைத் தொடாதீர்கள்.

வாங்கியாயிற்றா? சரி, ஒரு சுருள்வில் தராசில் நரம்பைக் கட்டி நேராக இழுத்து, உங்கள் 6 அல்லது 7 கிலோ எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். லீவரில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். மீன் ஓடும்போது கணக்கெல்லாம் மறந்துபோகும், கோடு கண்ணுக்குத் தெரியும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரை மேலாகத் தெளித்துக் கழுவுங்கள். குழாயை அழுத்தமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போய்விடும். காய வைத்து, டிராக்கை முழுக்கத் தளர்த்தி எடுத்து வையுங்கள். இறுகியே கிடக்கும் வாஷர் அடுத்த முறை ஒட்டிக்கொண்டு, முதல் இழுப்பிலேயே நரம்பை அறுத்துவிடும்.