மோட் பகிர்வதற்கு முன்: அக்கவுண்ட்டைப் பறிக்கும் தவறுகள்

கவுன்டர்-ஸ்ட்ரைக் 1999-இல் ஹாஃப்-லைஃப் கேமுக்கு ரசிகர்கள் செய்த மோடாகத்தான், அதாவது கேமின் ஃபைல்களை மாற்றியோ சேர்த்தோ செய்கிற மாற்றமாகத்தான், பிறந்தது. மறு ஆண்டே வால்வ் நிறுவனம் அதைத் தன் வெளியீடாகக் கொண்டுவந்தது. அதே வால்வ்தான் 2002-இல் வேக் (VAC) என்ற ஆன்டி-சீட்டையும், அதாவது ஆன்லைனில் ஏமாற்றி விளையாடுபவர்களைப் பிடிக்கும் மென்பொருளையும், கொண்டுவந்தது. வேக் காவல் உள்ள சர்வரில், கேமின் டிஎல்எல் ஃபைலை (கேம் ஓடத் தேவையான நிரல் ஃபைல்) மாற்றிக்கொண்டு நுழைந்தால் தடை நிரந்தரம். மோடால் வளர்ந்த நிறுவனமே மோடுக்கு எதிரியா? இல்லை. உங்கள் கணினிக்குள் நிற்கிற மாற்றம் வேறு. அடுத்தவர் ஆட்டத்தையோ உழைப்பையோ தொடுகிற மாற்றம் வேறு. ஆசையாக மோட் செய்து பகிர்ந்த பிள்ளைகள் இந்த வேறுபாடு தெரியாமல் பல வருட அக்கவுண்ட்டை இழப்பதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அதிகம் நடக்கிற தவறு, சிங்கிள் பிளேயருக்குப் போட்ட மோடை எடுக்காமல் அதே ஃபோல்டரிலிருந்து ஆன்லைன் போவது. நீங்கள் மாற்றியது வெறும் புல்லின் நிறமாக இருக்கலாம். ஆனால் ஆன்டி-சீட் உங்கள் நோக்கத்தைப் பார்ப்பதில்லை, ஃபைல் மாறியிருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. "ஸ்டீமில் வெரிஃபை கொடுத்துவிட்டேனே" என்பார்கள். வால்வின் கேம் கடையான ஸ்டீமில் இருக்கிற இந்த வெரிஃபை, மாறிய ஃபைலையும் காணாமல் போன ஃபைலையும் சரிசெய்யும்; நீங்கள் புதிதாகக் கொண்டுவந்து வைத்த ஃபைலைத் தொடாது. மோடை ஏற்றுவதற்காக வைத்த டிஇன்புட்8 போன்ற டிஎல்எல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அதனால் கேமை இரண்டு நகலாக வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று மோடுக்கு, ஒன்று ஆன்லைனுக்கு. "நேற்று விளையாடினேன், ஒன்றும் ஆகவில்லை" என்பதையும் நம்ப வேண்டாம். வேக் தடைகள் பெரும்பாலும் உடனே விழுவதில்லை, நாள் கழித்துத்தான் வரும்.

எல்டன் ரிங் கேமை நண்பர்களோடு சேர்ந்து விளையாட வைக்கும் சீம்லெஸ் கோ-ஆப் மோடைப் பாருங்கள். அது அதிகாரப்பூர்வ சர்வரோடு சேராமல் ஓடுகிறது, ஆட்டத்தின் முன்னேற்றம் பதிவாகும் சேவ் ஃபைலையும் வேறு பெயரில் தனியாக எழுதுகிறது. மோடர் எவ்வளவு பொறுப்பாக யோசித்திருக்கிறார்! அப்புறமும் சிலர் அந்த சேவ் ஃபைலை அசல் கேமுக்கு மாற்றி, கேமில் இருக்கவே முடியாத பொருட்களோடு ஆன்லைன் போய் மாட்டிக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட பொருளை நண்பருக்குக் கொடுத்தால் அவருடைய அக்கவுண்ட்டுக்கும் அதே ஆபத்துதான். 2023-இல் யோகோஹாமாவில் நடந்த போகிமான் உலகப் போட்டியில், வெளிக் கருவிகளால் உருவாக்கிய போகிமானோடு வந்த போட்டியாளர்கள் சிலர் நீக்கப்பட்டார்கள். சோதனை டேட்டாவுக்குத்தான்; அதை உருவாக்கியது யார் என்பது இரண்டாம் பட்சம்.

அடுத்தது, மோடோடு சேர்த்து முழு கேமையும் பொட்டலம் கட்டிக் கொடுப்பது. மைன்கிராஃப்டின் விதி இதில் தெளிவாக இருக்கிறது: நீங்களே எழுதிய மோடைப் பகிரலாம், மாற்றியமைத்த கேமைப் பகிரக் கூடாது. ரோம் ஹேக் செய்பவர்கள், அதாவது பழைய கன்சோல் கேமின் நகலை மாற்றியமைப்பவர்கள், மாற்றங்கள் மட்டும் உள்ள பேட்ச் ஃபைலைக் கொடுப்பது இதனால்தான். அசல் கேமை வைத்திருப்பவர் தானே பொருத்திக்கொள்வார். மொபைலில் சுற்றும் மோட் ஏபிகே (மாற்றியமைத்த ஆண்ட்ராய்டு ஆப் ஃபைல்) இதற்கு நேர் எதிர். ஆண்ட்ராய்டு ஆப் ஒவ்வொன்றிலும் தயாரித்தவரின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. உள்ளே ஒரு எழுத்தை மாற்றினாலும் வேறு கையொப்பம் போட்டாக வேண்டும், கேம் அதைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடும். பப்ஜி மொபைலில் இப்படிப்பட்ட மீறலுக்கு 10 வருடத் தடைகூட உண்டு.

பிறர் உழைப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகவே சொல்வேன். வேறொரு கேமிலிருந்து உருவிய மாடலையும் இசையையும் உங்கள் மோடில் வைக்காதீர்கள். 2024 ஜனவரியில் பால்வேர்ல்டு என்ற கேமுக்குள் போகிமான்களைக் கொண்டுவந்த மோடின் வீடியோவை நின்டெண்டோ சில நாட்களில் இறக்க வைத்தது. இன்னொரு மோடரின் ஃபைலை எடுப்பதும் இதே கதைதான். மோட் பகிரும் தளமான நெக்ஸஸ் மோட்ஸில் ஒவ்வொரு மோடுக்கும் அனுமதிப் பகுதி இருக்கிறது, அதைப் படியுங்கள். கடைசியில் "நன்றி" என்று பெயர் போடுவது அனுமதி ஆகாது. அவர் பதில் சொல்லவில்லை என்றால் அதுவும் அனுமதி ஆகாது.

பணம் கேட்பதற்கு முன்னும் விதியைப் பாருங்கள். 2017-இல் ஜிடிஏ கேம்களைத் தயாரிக்கும் ராக்ஸ்டார், தன் கணினி கேம்களுக்கான மோட் சிங்கிள் பிளேயராக, வணிகம் இல்லாததாக, பிறர் உரிமையை மதிப்பதாக இருந்தால் பொதுவாகச் சட்ட நடவடிக்கை இருக்காது என்று அறிவித்தது. அந்த அறிவிப்பின்படி, மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

மோட் பகிர்பவர்கள் தங்கள் அக்கவுண்ட்டையும் பூட்டி வைக்க வேண்டும். 2023 ஜூனில் ஃப்ராக்சரைசர் என்ற மால்வேர் (கெடுதல் செய்யும் மென்பொருள்), மைன்கிராஃப்ட் மோட்கள் கிடைக்கும் கர்ஸ்ஃபோர்ஜ் தளத்தின் மோட்கள் வழியாகப் பரவியது; மோடர்களின் அக்கவுண்ட்டுக்குள் புகுந்து அவர்கள் பெயரிலேயே கெட்ட ஃபைலை ஏற்றியிருந்தார்கள். டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை (கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் முறை) இன்றே போட்டுவிடுங்கள்.

சரி, தடை விழுந்தேவிட்டது, அப்புறம்? உடனே புது அக்கவுண்ட் திறக்காதீர்கள். சில கேம்கள் கணினியையே அடையாளம் வைத்துத் தடுக்கும், புதியதும் போய்விடும். எந்த மோடை எப்போது போட்டீர்கள், எங்கே பகிர்ந்தீர்கள் என்று உள்ளதை உள்ளபடி எழுதி மேல்முறையீடு செய்யுங்கள். வேக் தடையை மட்டும் ஸ்டீம் சப்போர்ட் நீக்குவதில்லை.