ஸ்லோ குக்கர்ல ஈஸியா சாக்லேட் ஃபட்ஜ்: மூடியை மட்டும் எடுத்து வச்சிடுங்க

சாக்லேட் ஃபட்ஜ், அதாவது மெத்துன்னு துண்டு போடற சாக்லேட் ஸ்வீட், அதுன்னாலே நிறைய பேரு பயப்படுறது அந்தப் பாகுக்குத்தான். பழைய முறையில சர்க்கரை, பால், வெண்ணெய் எல்லாம் சேத்துக் காய்ச்சி 112லேர்ந்து 116 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொண்டு போகணும், அதாவது ஒரு சொட்டைத் தண்ணியில விட்டா கையில உருட்ட வர்ற பதம், அப்புறம் தொடாம ஆறவிட்டு, சரியான சூட்டுக்கு வந்ததும் கை வலிக்கக் கிளறணும். பதம் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே நிறுத்தினா கெட்டியே ஆகாது, தாண்டிப் போச்சுன்னா பொரபொரன்னு உதிரும்.

ஸ்லோ குக்கர்ங்கறது மெல்லமா சூடேறுற கரண்ட் பானை, அதுல செய்யற ஃபட்ஜ்ல இந்தப் பாடே கிடையாது. இது இறுகுறது பாகால இல்ல, சாக்லேட்ல இருக்கற கோகோ பட்டரால. சூட்டுல உருகுற அந்தக் கொழுப்பு ஆறும்போது திரும்ப இறுகிக்கும். பாலும் சர்க்கரையும் கண்டென்ஸ்டு மில்க்லயே ஏற்கெனவே காய்ச்சி வத்தி ரெடியா இருக்கு. அப்ப நம்ம வேலை என்னன்னா ரெண்டையும் அடி பிடிக்காம, தண்ணி படாம, மெதுவா ஒண்ணாக்குறது மட்டும்தான், அதுக்கு ஸ்லோ குக்கரை விடப் பொருத்தமான பாத்திரம் எனக்குத் தெரிஞ்சு இல்ல. மைக்ரோவேவ்ல இதைவிட சீக்கிரம் முடியும், உண்மைதான், ஆனா அதுல பத்து செகண்டு கூடிப்போனாலே சாக்லேட் கருகிடும். இதுல அப்படி இல்ல, சூடு மெல்லமாத்தான் ஏறும், நமக்குப் பாத்துப் பாத்து செய்ய நேரம் கிடைக்கும், மூடி இல்லாம இருக்கறதால கொஞ்சம் ஈரம் வத்தி ருசியும் நல்லா அடர்த்தியா வரும்.

தேவையானது கொஞ்சம்தான். கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின், சுமார் 400 கிராம். டார்க் சாக்லேட் 400 கிராம், கோகோ 50லேர்ந்து 60 சதவீதம் இருக்கறது. உப்பில்லாத வெண்ணெய் 30 கிராம், வெனிலா எசென்ஸ் ஒரு டீஸ்பூன், உப்பு ரெண்டு சிட்டிகை. உப்பு எதுக்குன்னு விட்டுடாதீங்க, கண்டென்ஸ்டு மில்க்ல கிட்டத்தட்ட பாதி சர்க்கரைதான், உப்பு இல்லன்னா வெறும் இனிப்புதான் நாக்குல நிக்கும், சாக்லேட் ருசி அமுங்கிப் போயிடும்.

அளவுல ஒரு விஷயம் கவனமா பாருங்க. மேல சொன்னது டார்க் சாக்லேட்டுக்கு. மில்க் சாக்லேட்டுன்னா அதே ஒரு டின்னுக்கு 500 கிராம் போடுங்க, வெள்ளை சாக்லேட்டுன்னா 600 கிராம் வேணும், ஏன்னா அதுல கோகோவோட கெட்டிப் பகுதி சுத்தமா கிடையாது, பாலும் சர்க்கரையும் ஜாஸ்தி, அதனால இறுக்கம் குறைவு. 70 சதவீதத்துக்கு மேல இருக்கற டார்க்கா இருந்தா 350 கிராமே போதும், கூடினா கல்லு மாதிரி ஆகும், எண்ணெயும் பிரியும். சாக்லேட் சிப்ஸ்லயும் செய்யலாம், ஆனா சிப்ஸ் பேக் பண்ணும்போது உருவம் கலையக்கூடாதுன்னு கோகோ பட்டரைக் குறைச்சுத்தான் செய்வாங்க, அதனால கலவை தடிப்பா இருக்கும், பயப்பட வேணாம். காம்பவுண்ட் சாக்லேட் விலை குறைவு, செட்டும் ஆகும், ஆனா அதுல கோகோ பட்டருக்குப் பதிலா வேற தாவரக் கொழுப்பு, வாயில மெழுகு மாதிரி ஒட்டும். இவ்ளோ கொஞ்சம் பொருள் வச்சு செய்யற ஸ்வீட்டுல சாக்லேட்தான் எல்லாம், அதுல மட்டும் கை சுருக்காதீங்க. இன்னொண்ணு, எவாப்பரேட்டட் மில்க்னு வேற ஒரு டின் இருக்கு, அதுல சர்க்கரை கிடையாது, தண்ணியும் ஜாஸ்தி, லேபிளைப் படிச்சுட்டு எடுங்க.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே 20 சென்டிமீட்டர் சதுர ட்ரேயில பட்டர் பேப்பர் விரிச்சு, ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெளிய நீட்டிட்டு இருக்கற மாதிரி வச்சிருங்க, பின்னாடி தூக்கறதுக்கு அதுதான் கைப்பிடி. அப்புறம் குக்கர் பானை, கரண்டி, அளக்குற ஸ்பூன் எல்லாத்தையும் ஒரு காஞ்ச துணியால துடைங்க. கழுவி வச்சதுதானேன்னு அப்படியே எடுக்காதீங்க. உருகின சாக்லேட்ல ரெண்டு சொட்டு தண்ணி விழுந்தாலே அதுல இருக்கற சர்க்கரையும் கோகோ தூளும் அந்த ஈரத்தைப் புடிச்சுக்கிட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி மொத்தமும் கட்டியா திரண்டுடும். மரக்கரண்டியில உள்ள ஈரம் தங்கியிருக்கும், அதனால சிலிகான் ஸ்பாட்டுலா நல்லது.

இப்ப பானையில முதல்ல கண்டென்ஸ்டு மில்க்கை ஊத்துங்க, மேல சின்னச் சின்னதா நறுக்கின சாக்லேட், வெண்ணெய், உப்பு. வெனிலா இப்ப வேணாம். குக்கரை லோவுல வைங்க, ஹை வேணவே வேணாம். மூடியும் போடாதீங்க. சூடானா ஆவி மேல போய் மூடியில பட்டு தண்ணியா சொட்டும், அந்தச் சொட்டுதான் சாக்லேட்டுக்கு எமன். மூடி போட்டே ஆகணும்னா மூடிக்கும் பானைக்கும் நடுவுல ஒரு காஞ்ச டவலை இழுத்து விரிச்சு மூடுங்க, ஓரத்தை மேல மடிச்சுக்கணும், ஹீட்டர் பக்கம் தொங்க விடக்கூடாது. நான் சொல்றது திறந்தே வைங்கன்னுதான்.

முதல் பத்து நிமிஷம் ஒண்ணுமே நடக்கலைன்னு தோணும், பானையே சூடாக அவ்ளோ நேரம் ஆகும். அதுக்கப்புறம் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அடியிலேர்ந்து நல்லா வழிச்சுக் கிளறி விடுங்க. இருபது முப்பது நிமிஷத்துல சாக்லேட் உருகி திட்டுத் திட்டா இருக்கும், இன்னும் கொஞ்ச நேரத்துல ஒரே நிறமா பளபளன்னு வரும். மொத்தம் முக்கால் மணியிலேர்ந்து ஒரு மணி நேரம், குக்கரைப் பொறுத்து. பெரிய குக்கர்ல இந்த அளவு போட்டா அடியில மெல்லிசா பரவி சீக்கிரம் காயும், அப்ப அளவை டபுள் பண்ணுங்க இல்லன்னா அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா கிளறுங்க. மூணு லிட்டர் குக்கர் இந்த அளவுக்கு கரெக்ட். லோவுலதானே இருக்குன்னு மறந்துட்டு வேற வேலைக்குப் போயிடாதீங்க, லோவும் மணிக்கணக்கா ஓடினா கொதிக்கிற சூட்டுக்குப் பக்கத்துல போய் நிக்கும், அங்க போறதுக்கு ரொம்ப நேரம் எடுக்குது, அவ்ளோதான். பானை ஓரத்துல காஞ்சு ஒட்டியிருக்கறதை சுரண்டி உள்ள தள்ளாதீங்க, அது கரையாது, ஃபட்ஜ்ல நறுக்கு நறுக்குன்னு மாட்டும்.

பதம் பாக்க, ஸ்பாட்டுலாவால நடுவுல ஒரு கோடு இழுங்க, கோடு டக்குனு மூடாம ரெண்டு மூணு செகண்டு நின்னு மூடினா ரெடி. இன்னும் சந்தேகமா இருந்தா ஒரு ஸ்பூன் எடுத்து சின்னத் தட்டுல விட்டு ஃப்ரீசர்ல அஞ்சு நிமிஷம் வச்சு அழுத்திப் பாருங்க, விரல்ல ஒட்டாம உருண்டா ஓகே. ரொம்ப இளக்கமா இருந்தா இன்னொரு 50 கிராம் சாக்லேட் போட்டு உருக்கிக்கங்க. ட்ரேயில ஊத்தறதுக்கு முன்னாடியே இதைச் செய்யறதுதான் புத்திசாலித்தனம்.

குக்கரை ஆஃப் பண்ணிட்டு உள்பானையைத் துணி வச்சுப் புடிச்சு வெளிய எடுத்துடுங்க, பீங்கான் பானை சூட்டை விடாது, உள்ளயே இருந்தா இன்னும் வெந்துக்கிட்டேதான் இருக்கும். இப்ப வெனிலா சேத்துக் கிளறுங்க, முன்னாடியே போட்டா வாசனை பாதி காத்துல போயிடும். முந்திரி, பாதாம் மாதிரி பருப்பு போடணும்னா வறுத்து, ஆறவச்சு, ஒரு கைப்பிடி ரெண்டு கைப்பிடி இப்ப சேருங்க. உலராத ஃப்ரெஷ் பழம் எதுவும் வேணாம், அதுல தண்ணி, நாளும் தாங்காது. உலர்ந்த பழம்னா தாராளமா போடலாம்.

நடுவுல மேல எண்ணெய் மிதந்து கலவை திரிஞ்ச மாதிரி தெரிஞ்சா சூடு ஜாஸ்தியாயிடுச்சுன்னு அர்த்தம். பானையை வெளிய எடுத்துட்டு, வெதுவெதுப்பான பால் ஒரு டேபிள்ஸ்பூன் ஊத்தி வேகமா அடிங்க, பத்தலன்னா இன்னொரு ஸ்பூன், பெரும்பாலும் திரும்பச் சேந்துக்கும். தண்ணி பட்டுக் கட்டினதுக்கும் இதே வைத்தியம்தான். கேக்க முரணா இருக்கும், ஆனா கொஞ்சூண்டு ஈரம்தான் கட்ட வைக்கும், போதுமான அளவு சேத்துட்டா தூள் எல்லாம் அதுல கரைஞ்சு இளகிடும். கருகின வாசனை வந்துச்சுன்னா மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது.

ட்ரேயில ஊத்தி, ரெண்டு தட்டு தட்டி சமமாக்கி, மேல லேசா கல்லுப்பு தூவினா அட்டகாசமா இருக்கும். ரூம் சூட்டுக்கு ஆறினப்புறம் ஃப்ரிட்ஜ்ல நாலு மணி நேரம் வைங்க, ராத்திரி பூரா வச்சா இன்னும் சுத்தமா வெட்ட வரும். வெட்டும்போது பேப்பரைப் புடிச்சு மொத்தமா பலகைக்குத் தூக்கி, நீளக் கத்தியைச் சுடுதண்ணியில முக்கி, நல்லா துடைச்சு, ஒரே அழுத்தா அழுத்துங்க, அறுக்காதீங்க. ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்கணும். ரெண்டரை சென்டிமீட்டர் துண்டா போட்டா 64 துண்டு வரும், பாக்க சின்னதா இருந்தாலும் ஒரு ஆளுக்கு ரெண்டுக்கு மேல இறங்காது.

காத்து புகாத டப்பாவுல அடுக்குக்கு நடுவுல பேப்பர் வச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சா ரெண்டு வாரம் நல்லா இருக்கும், ஃப்ரீசர்ல மூணு மாசம். சாப்பிட பத்து நிமிஷம் முன்னாடி வெளிய எடுத்து வச்சா வாயில வழுக்கிட்டுப் போகும். ஃப்ரீசர்லேர்ந்து எடுக்கறப்ப டப்பாவை உடனே திறக்காதீங்க, ஃப்ரிட்ஜ்ல மாத்தி குளிர் விட்டப்புறம் திறங்க, இல்லன்னா துண்டு மேல ஈரம் பூத்து பிசுபிசுன்னு ஆயிடும்.